நூலகத்தில் நடுப்படியில் நிற்பவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தொரு வருடம் பொது நூலகத் துறையில் இருந்தேன். முதல் பாதி கிளை நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் போயிற்று. மறுபாதி கிளைகளைப் பார்வையிடும் வேலை. அதில் பாதி நேரம் பேருந்திலேயே போயிற்று. ஓய்வுக்குப் பிறகு பாளையங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போனாலும் சரி, நூலக அறிவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தாலும் சரி, ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. மேலே அதிகாரி இருக்கிறார், கீழே நூலகர் இருக்கிறார், நடுவில் இருப்பவர் என்னதான் செய்கிறார் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கேள்வி. கேட்டதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். கேள்விகளைத் திருத்தவில்லை, கேட்டவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, நம்மூரு லைப்ரரியில ஒரே ஒரு நூலகர்தான் உக்காந்திருக்காரு. இதுல நடு யாரு, மேல யாரு?

உங்கள் ஊர்க் கட்டடத்தில் ஒருவர்தான். ஆனால் அவர் தனியாள் இல்லை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு உண்டு. சென்னையில் பொது நூலக இயக்ககம், மாவட்டத்தில் மாவட்ட நூலக அலுவலர், அவருக்குக் கீழே மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள் என்று படி இறங்கும். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் இதுதான். அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழிக்காரர், இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன்.

நான் நடு என்று சொல்வது நூலக ஆய்வாளர், இருப்புச் சரிபார்ப்பு அலுவலர், மைய நூலகத்தில் ஒரு பிரிவைக் கவனிக்கும் முதல்நிலை நூலகர் ஆகியோரை. மாவட்ட நூலக அலுவலரையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்களுக்கு அவர் மேல், சென்னைக்கு அவர் நடு. கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இதே படியில் நிற்பவருக்கு உதவி நூலகர், துணை நூலகர் என்று பெயர்.

ஆய்வாளர் வாறாருன்னா எதுக்கு இப்படிப் பதறுதாக? அவரு என்ன போலீஸ் இன்ஸ்பெக்டரா?

பதறினது உண்மை. நானும் பதறியிருக்கிறேன். அப்போது கைபேசி கிடையாது. காலையில் ஒரு கிளையைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் பேருந்து ஏறினால், அந்தக் கிளைக்காரர் பக்கத்து ஊர் மளிகைக்கடைக்குப் போன் போட்டு, "உங்க பக்கந்தான் வாறாரு, வருகைப் பதிவேட்டை எழுதி வச்சிரும்" என்று தகவல் சொல்லிவிடுவார். அவர் வந்து இறங்கும்போது எல்லாப் பதிவேடும் மேசையில் அடுக்கி இருக்கும். நூல் சேர்க்கைப் பதிவேடு, உறுப்பினர் பதிவேடு, வழங்கல் பதிவேடு, பருவ இதழ்ப் பதிவேடு, சில்லறைச் செலவுப் புத்தகம். பச்சை மையில் டிக் அடித்துக்கொண்டே வருவார். ஒரு தேதி விட்டுப்போயிருந்தால் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

அந்த ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை என்பது, அந்த வேலைக்கு நானே வந்தபோதுதான் புரிந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை நம் திருநெல்வேலி மாவட்டம் சிவகிரியில் இருந்து ராதாபுரம் கடற்கரை வரை கிடந்தது. ஒரு கிளைக்கு வருடத்தில் ஓரிரு தடவை போனால் பெரிய காரியம். அங்கே இருக்கப்போவது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அந்த நேரத்துக்குள் ஒரு நூலகம் நன்றாக நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசகரிடம் பேச நேரமில்லை. கையில் கிடைப்பது பதிவேடு ஒன்றுதான். அதனால் பதிவேடு ராஜா ஆகிவிட்டது, ஆய்வாளர் அதன் காவல்காரர் ஆகிவிட்டார்.

இப்போ அந்த வேலையே மாறிப்போச்சுங்கீங்களே, கம்ப்யூட்டர் வந்ததைச் சொல்லுதீங்களா?

கம்ப்யூட்டர் அதில் ஒரு பங்குதான். அதற்கு முன்னாலேயே வாசகர் மாறிவிட்டார். முன்பு காலையில் நாளிதழுக்கு ஒரு கூட்டம் வரும், சாயங்காலம் நாவல் மாற்ற ஒரு கூட்டம் வரும். இப்போது கதவு திறக்கும் முன்பே வாசலில் செருப்பு கிடக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று படிக்க வரும் பிள்ளைகள். புத்தகத்தை அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள். நூலகத்தில் அவர்களுக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, போனுக்குச் சார்ஜ் போட ஒரு பிளக், குடிதண்ணீர், பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை. இதில் ஒன்றுகூட நூலக அறிவியல் பாடத்தில் வராது. கிளை நூலகர் இதை எல்லாம் ஆய்வாளரிடம் சொல்வார். ஆய்வாளர் பேரூராட்சி அலுவலகத்துக்கும், வாசகர் வட்டத் தலைவர் வீட்டுக்கும், ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேரக்கூடிய கடைக்காரரிடமும் நடக்க வேண்டும்.

அடுத்தது, ஆள் குறைந்தது. ஒரு நூலகர் ஓய்வு பெற்றால் அந்த இடம் உடனே நிரம்புவதில்லை. பக்கத்து ஊர்க்காரருக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு தாள் போகும். இரண்டு ஊர்ச் சாவியும் ஒரே பையில். எந்தக் கிழமை எந்த ஊரைத் திறப்பது, திறக்காத ஊரில் இருந்து வரும் வசவுக்கு யார் பதில் சொல்வது என்பதெல்லாம் நடுவில் உள்ளவர் தலையில். அப்புறம் விழாக்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், ஆகஸ்ட் 12 நூலகர் தினம், புத்தகத் திருவிழா, கோடை விடுமுறை நிகழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்து மேலே அனுப்பியாக வேண்டும். இந்தப் போட்டோக் கணக்கில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. நாற்பது பேர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தால் அது போட்டோவில் எடுபடாது.

ஆக, முன்பு என்ன குறை என்று பார்க்கப் போன ஆள், இப்போது என்ன வேண்டும் என்று கேட்கப் போகிறார். பழைய கணக்கை மட்டும் யாரும் தள்ளுபடி செய்யவில்லை. அதையும் சுமந்துகொண்டுதான் போகிறார்.

கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னா பதிவேடு எதுக்கு சார்? ரெண்டையும் எழுதச் சொன்னா ராத்திரியில வந்து எழுதவா?

கேட்டவர் ஒரு கிளை நூலகர். கோபம் நியாயமானது. புது முறை வரும்போது பழைய முறையை நிறுத்து என்று யாரும் எழுத்தில் தருவதில்லை. தணிக்கையில் பதிவேடு கேட்பார்களே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் இரண்டும் ஓடும், இரண்டிலும் பாதிதான் சரியாக இருக்கும்.

இங்கேதான் நடுவில் உள்ளவர் வேலை செய்ய வேண்டும். எந்தப் பதிவேடு சட்டத்துக்கு அவசியம், எது வெறும் பழக்கம் என்று அவருக்குத் தெரியும், கிளை நூலகருக்குத் தெரிய வழியில்லை. நூல் சேர்க்கைப் பதிவேடு சொத்துக் கணக்கு, அதைத் தொடக்கூடாது. ஆனால் தினசரி வழங்கல் கம்ப்யூட்டரில் பதிவாகும்போது அதையே மறுபடி கையால் எழுதுவது வீண். மாதக் கடைசியில் அச்செடுத்துக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்தால் போதும் என்று ஒரு குறிப்பு எழுதி, மேலே அனுப்பி, ஒப்புதல் வாங்கிவிடலாம். நான் இப்படி ஒரு குறிப்பு எழுதி ஒப்புதல் வர ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதமும் இரண்டிலும் எழுதினார்கள். ஆனாலும் எட்டாவது மாதம் நின்றது.

புத்தகம் அலமாரியில கண்ணு முன்னால இருக்கு, கம்ப்யூட்டர்ல தேடுனா இல்லைங்குது. இது யார் தப்பு?

பெரும்பாலும் பெயரின் தப்பு. வெள்ளைக்காரர் வகுத்த அட்டவணை முறையில் குடும்பப் பெயர் முதலில் வரும். நமக்குக் குடும்பப் பெயரே இல்லை, தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. அதை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, நடுவில் புள்ளியா இடைவெளியா என்று ஒவ்வொரு தட்டச்சாளரும் ஒரு வழியில் போவார். போதாததற்கு நம் ஊர்க்காரர்களுக்குப் புனைபெயர் வேறு. புதுமைப்பித்தன் என்று ஒரு கிளையில், விருத்தாசலம் என்று இன்னொன்றில். வண்ணதாசன் கதையை ஒரு பெயரிலும் கவிதையைக் கல்யாண்ஜி என்ற இன்னொரு பெயரிலும் எழுதுகிறவர். இரண்டும் ஒரே ஆள் என்று திருநெல்வேலியில் டீக்கடையில் கேட்டாலும் சொல்லுவார்கள், கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமே!

மென்பொருளுக்குக் குறைவில்லை. நியூசிலாந்தில் ஒரு சிறிய வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் ஓடத் தொடங்கிய கோஹா, இலவசமாகவே கிடைக்கிறது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான இன்ஃப்ளிப்நெட் தந்த 'சோல்' மென்பொருள் நம் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. எதை வைத்தாலும் பெயர்களை ஒரே வடிவத்தில் எழுத ஒரு பட்டியல் வேண்டும். புனைபெயரைத் தேடினால் இயற்பெயருக்குக் கைகாட்ட வேண்டும். முன்பு மைய நூலகத்தில் அட்டவணைப் பிரிவு முதல்நிலை நூலகர் ஒவ்வொரு நூலின் விவர அட்டையையும் தானே எழுதினார். இப்போது பத்துப் பேர் பத்து இடத்தில் இருந்து ஏற்றுகிறார்கள். அவர் வேலை அந்தப் பத்துப் பேரும் ஒரே மாதிரி எழுதுகிறார்களா என்று பார்ப்பது. அட்டை எழுதுவதைவிட இது கஷ்டம் என்பது என் கட்சி. அட்டை மறுத்துப் பேசாது.

சார்வாள், காலம்பற பேப்பர் பார்க்க வந்தா நாற்காலி பூராவும் பரீட்சைப் பிள்ளைகள். வரி கட்டுத நாங்க எங்க உக்கார?

இரண்டு பேருக்கும் உரிமை உண்டு, நாற்காலிதான் இல்லை. உற்றுப் பார்த்தால் நாற்காலியில் இருப்பது பல நேரம் ஆள் கூட அல்ல, பை. டீ குடிக்கப் போனவர், சாப்பிடப் போனவர், தேர்வு வகுப்புக்கே போனவர். நாங்கள் ஒரு கிளையில் நாளிதழ் மேசையை வாசல் பக்கம் பிரித்துப் போட்டோம். பதினொரு மணி வரை அதில் பை வைக்கக்கூடாது, மற்ற மேசைகளில் அரை மணிக்கு மேல் ஆளில்லாத பை ஓரமாக எடுத்து வைக்கப்படும் என்று எழுதி ஒட்டினோம்.

விதி பெரிய கண்டுபிடிப்பு இல்லை. அதில் யார் கையெழுத்து என்பதுதான் விஷயம். கிளை நூலகர் அந்த ஊரிலேயே குடியிருப்பவர். பை வைத்த பையன் அவருடைய மளிகைக்கடைக்காரர் மகனாக இருப்பான். அவர் போய்ச் சண்டை பிடிக்க முடியாது. அறிவிப்பில் என் கையெழுத்து இருந்ததால், "நான் என்னப்பா செய்ய, ஆய்வாளர் உத்தரவு" என்று அவர் சொல்லிக்கொண்டார். ஊரில் எனக்குக் கெட்ட பெயர். இருக்கட்டும், நான் அடுத்த பேருந்தில் போய்விடுவேன்.

வீட்டு வரி ரசீதுல நூலக வரின்னு போட்டிருக்கு. அந்தத் துட்டு எங்க போவுது?

சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 2,000 ரூபாய் சொத்துவரி என்றால் 200 ரூபாய். உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். வாடகை, மின்கட்டணம், நாளிதழ் எல்லாவற்றுக்கும் இந்த நிதியை நம்பித்தான் இருக்கிறோம். வசூலித்த இடத்தில் இருந்து வந்து சேர்வதற்குள் தாமதம் ஆவதுண்டு. அப்போது கடிதம் எழுதி, நேரில் போய் உட்கார்ந்து, கணக்கு எழுத்தருக்கு ஞாபகப்படுத்தி வாங்கி வருவதும் நடுவில் உள்ளவர் வேலைதான்.

நாங்க கேட்ட புத்தகம் வரவே மாட்டேங்குது, கேக்காத புத்தகம் கட்டுக் கட்டா வருதே?

கொள்முதலில் பெரும்பகுதி சென்னையில் முடிவாகிறது. கல்கத்தாவில் 1972-இல் தொடங்கிய ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை வழியாகவும் புத்தகங்கள் வருகின்றன. உங்கள் ஊர் வாசகர் என்ன கேட்டார் என்பது அவ்வளவு தூரம் தானாகப் போகாது. வாசகர் கோரிக்கை நோட்டு என்று ஒன்று எல்லாக் கிளையிலும் கயிற்றில் தொங்கும். அதை யாராவது எடுத்து, தொகுத்து, மேலே அனுப்பினால்தான் உண்டு.

நடுவில் உள்ளவர் கையில் இன்னொரு வழியும் இருக்கிறது, அதற்கு யார் அனுமதியும் அநேகமாகத் தேவைப்படாது. களக்காட்டில் தூங்கும் புத்தகத்தைத் திசையன்விளையில் கேட்டிருப்பார்கள். எந்தக் கிளையில் எது தூங்குகிறது என்று எல்லாக் கிளையும் சுற்றுகிறவருக்குத்தான் தெரியும். இடமாற்றக் குறிப்பு எழுதி, கட்டுக் கட்டி, அடுத்த பார்வையின்போது கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆயிற்று. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று ரங்கநாதன் 1931-இல் சொன்ன நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, என் அனுபவத்தில் பெரும்பாலும் பேருந்தின் பின்சீட்டில்தான் நடந்தது.

தொலைஞ்ச புத்தகத்துக்கு நூலகர் சம்பளத்துல பிடிப்பாகளாமே, நெசமா?

இந்தப் பயம் நூலகங்களுக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. பிடித்துவிடுவார்களே என்று நல்ல புத்தகங்களைப் பூட்டி வைத்த நூலகர்களை எனக்குத் தெரியும். கண்ணாடி அலமாரி பளபளவென்று இருக்கும், உள்ளே இருப்பதை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். இருப்பு சரியாக இருக்கிறது என்று ஆய்வாளரும் நல்ல குறிப்பு எழுதிவிட்டுப் போவார்.

விதி அவ்வளவு கொடுமையானதல்ல. மத்திய அரசின் 2017-ஆம் வருடப் பொது நிதி விதிகளில் 215-ஆவது விதியைப் பாருங்கள். வழங்கிய அல்லது எடுத்துப் பார்த்த 1,000 நூல்களுக்கு 5 நூல் வரை ஒரு வருடத்தில் தொலைந்தால் அது இயல்பான இழப்பு, நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இல்லாத வரை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். சரிபார்ப்புக்கும் அளவு உண்டு. 20,000 நூல் வரை வருடந்தோறும் முழுச் சரிபார்ப்பு, 50,000 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது, அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, நம் கிளைகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் இழப்பு என்பது நூலகம் நடப்பதன் ஒரு செலவு என்று அரசே ஒத்துக்கொண்டிருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல தாள் இல்லை.

இப்போது நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பெரிய உபகாரம். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போன நடமாடும் நூலகத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். வெளியே போகும் புத்தகத்தில் சில திரும்பாது. திரும்பாததற்கு நூலகரைத் தனியாக நிறுத்தி வைக்காமல், காரணத்தை எழுதி, கணக்கில் இருந்து கழித்துவிடப் பரிந்துரைப்பது நடுவில் உள்ளவர் பொறுப்பு. அவர் அதைச் செய்ய மாட்டார் என்று தோன்றிவிட்டால், அடுத்த மாதமே அலமாரிக்குப் பூட்டு வந்துவிடும்.

நான் எம்.லிப். முடிச்சிருக்கேன் அங்கிள். பொது நூலகமா, காலேஜா? ரெண்டுலயும் நடு வேலை ஒண்ணுதானா?

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் நாள் முழுக்கச் செய்வது வேறு. பொது நூலகத்துக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த நூலகப் பணித் தேர்வில் மாவட்ட நூலக அலுவலராகவே நேரடியாக வர முடியும். வந்தால் கட்டட வாடகை, விழா, நாற்காலி என்று மேலே சொன்ன உலகம்தான்.

பல்கலைக்கழகத்தில் துணை நூலகர் வேலை அச்சுப் புத்தகத்தை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டது. முன்பு பருவ இதழ்ப் பிரிவு என்றால் சந்தா கட்டு, வராத இதழுக்குக் கடிதம் போடு, வருடக் கடைசியில் பைண்டிங்குக்கு அனுப்பு. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்து, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் இணையத்தில் படிக்கலாம் என்று ஆகிவிட்டது. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கு இணையத்தில் இதழும் நூலும் படிக்க இன்ஃப்ளிப்நெட்டின் என்-லிஸ்ட் உண்டு. சந்தா கட்டும் வேலை குறைந்தது. அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பிள்ளைக்கு அதில் நுழையவும் தேடவும் சொல்லிக் கொடுக்கும் வேலை ஏறிக்கொண்டது. ஆய்வேடுகளுக்கான தேசிய இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேட்டை ஏற்றுவது, எழுத்துத் திருட்டுச் சோதனை செய்வது எல்லாம் கூடுதல். 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. பதினொன்று வந்த பிள்ளை துணை நூலகர் அறை வாசலில் கண்ணீரோடு நிற்கும். மென்பொருள் சொன்ன எண்ணை அப்படியே நம்பாமல் எது மேற்கோள், எது திருட்டு என்று பிரித்துப் பார்க்க அங்கே ஒரு மனுஷர் தேவை. எதில் சேர்ந்தாலும் ஆளோடு பேசப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் இரண்டுமே வேண்டாம்.

என்னைவிட இருபது வயசு சின்னப் பிள்ளை எனக்கு மேலதிகாரியா வந்திருக்கு. நான் என்னன்னு கூப்பிட? அது சொல்லுததை எப்படிக் கேக்க?

அலுவலகத்தில் மேடம் என்று கூப்பிடுங்கள், முடிந்தது. என் ஜூனியர் ஒருவர் தன் பெண் அதிகாரியை வெளியே பார்க்கும்போது "வாங்க தாயி" என்பார். அந்தப் பெண்ணும் அவரை அண்ணாச்சி என்பாள். இரண்டும் கலக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கஷ்டம் உண்மையில் கூப்பிடுவதில் இல்லை. தேர்வு எழுதி நேராக மேலே வருகிறவருக்குக் கம்ப்யூட்டரும் விதியும் தெரியும், எந்த ஊரில் யாரைப் பார்த்தால் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பார்கள் என்று தெரியாது. படிப்படியாக வந்தவருக்கு அது தெரியும். ஆனால் எக்செல் கோப்பைத் திறந்தால் கை நடுங்கும். நான் கடைசி நான்கு வருடம் இப்படி ஒரு பெண் அதிகாரிக்குக் கீழே வேலை பார்த்தேன். மாத அறிக்கையை அவர் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுப்பார், ஊர்ப் பஞ்சாயத்தை நான் பார்த்துக்கொள்வேன். முதல் ஆறு மாதம் இருவருக்கும் வீம்பு. அப்புறம் தேவை வந்து வீம்பைப் போக்கியது.

எல்லாம் வாட்ஸ்அப்ல வந்திருதே. நடுவுல உள்ள போஸ்ட்டை எடுத்துட்டா துட்டாவது மிச்சமாகும்லா?

கேட்டவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர் வங்கியில் அப்படித்தான் செய்தார்களாம். கேள்வியில் பாதி சரி. தகவலை மேலிருந்து கீழே கடத்துவது மட்டும்தான் வேலை என்றால் இந்தப் பதவி தேவையில்லை. சுற்றறிக்கையைத் தட்டி அனுப்பும் ஆய்வாளரைவிட வாட்ஸ்அப் வேகம்.

மறுபாதிக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை மீறி ஓடியது. நான் அப்போது ஓய்வில் இருந்தேன். ஆற்றோரக் கிளை ஒன்றில் முட்டளவு தண்ணீர். அந்தப் பகுதியைக் கவனித்த இளம் ஆய்வாளர், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். "சார், உத்தரவு வாங்க மேல யாரையும் பிடிக்க முடியல. கீழ் ரேக்கு பூராவும் நனைஞ்சிட்டு. என்ன செய்ய?" உத்தரவுக்கு நிற்காதே என்றேன். முதலில் எடுக்க வேண்டியது, மறுபடி அச்சில் கிடைக்காத பழைய சிறப்பு மலர்கள், ஊர் வரலாறு, அன்பளிப்பாக வந்த தனிப் பிரதிகள். தேர்வு வழிகாட்டிகளை விட்டுவிடு, அடுத்த மாதம் கடையிலேயே புதுப் பதிப்பு கிடைக்கும். நனைந்த புத்தகத்தை வலிந்து திறக்காதே, வெயிலில் போடாதே. நிழலில் மின்விசிறிக் காற்றில், நடுநடுவே அச்சிடாத வெள்ளைத் தாள் செருகி வை. வழவழத் தாள் புத்தகம் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், அதனால் அதை முதலில் பார். இரண்டு நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும். நேரமில்லாவிட்டால் அரியதை மட்டும் பாலிதீன் உறையில் போட்டு யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வைத்துவிடு, பிறகு நிதானமாக உலர்த்தலாம்.

அவர் நான்கு ஊர் நூலகர்களை வரவழைத்து, பக்கத்துக் கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கிச் செய்தார். கிளை நூலகர் ஒருவரால் நாலு ஊர் ஆளைக் கூப்பிட முடியாது. சென்னையில் இருப்பவருக்கு அந்த மண்டபத்துக்காரரைத் தெரியாது. மண்டபச் செலவுக்கு முன் அனுமதி பெறாதது ஏன் என்று பிறகு அவரிடம் விளக்கம் கேட்டார்கள், அது தனிக்கதை.

நான் கிளை நூலகர். பதவி உயர்வு வருது. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துரலாமான்னு இருக்கு. தப்பா?

தப்பில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வழி உண்டு. போன வருடம் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டார்கள், மூன்று பேரும் பெண்கள். காரணம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்று. உள்ளூர் வேலை என்றால் சாயங்காலம் மாமியாருக்கு மருந்து கொடுக்க வீட்டில் இருக்கலாம், ஆய்வாளர் ஆனால் கடைசிப் பேருந்தில்தான் வர முடியும். இதை ஆர்வக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். பார்வைக்குப் போகும் ஊர்களை வீட்டுக்குப் பக்கமாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் மேலே போன முதல் மாதம், பழைய கிளைக்கே பார்வைக்குப் போக வேண்டி வந்தது. எப்போதும் சிறுவர் இதழ் மாற்ற வரும் ஒரு பிள்ளை என்னைப் பார்த்து, "சார், இன்னைக்கு ஏன் அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்குப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. நாற்காலிச் சண்டை பற்றிய கேள்வியில் சொன்னேனே, அந்த அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட அன்றைக்குத்தான் இந்த வேலையில் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது.

எழுதின தாளை இரண்டு நாள் கையிலேயே வைத்திருங்கள். கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் அது உங்கள் முதுநிலை வரிசையை எப்படிப் பாதிக்கும் என்று அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டு, விதியின் நகலையும் வாங்கிப் படித்துவிடுங்கள். வாயால் சொன்னதை நம்பிக் கொடுக்க வேண்டாம்.